நேரம் பார்க்கிறவர்கள்

பிரிஸில்லாவுக்கு எல்லாமே சவம்தான். மலையாளத்து ஆரியசாலைச் சந்தையில் திரவியத்தின் மொத்தக்கடைப் பின்கட்டில் மிளகாய் வத்தல் காம்பு கிள்ள உட்கார்ந்தால், ஈரம் பட்ட வத்தல் சவம், கிழிந்த சாக்கு சவம், மூக்கில் ஏறும் நெடி சவம், மத்தியானம் குழாயில் வராத தண்ணீரும் சவம். குழித்துறைப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் அந்தச் சொல் அப்படித்தான். அதில் பிணமும் கிடையாது, துக்கமும் கிடையாது. வாயைத் திறந்தால் மூச்சு வருவதுபோல வரும். கடையில் கூட வேலை செய்யும் மலையாளிப் பெண்கள் முதலில் பயந்தார்கள். பிறகு அவர்களும் விலை ஏறிய தக்காளியைச் சவம் என்று திட்டப் பழகிக்கொண்டார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்து அவள் அந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று போனை எடுத்தபோது வெளிச்சம் சரியாக வந்திருக்கவில்லை. களியக்காவிளையில் கட்டிக்கொடுத்திருந்த மகள் அஜிதா பேசினாள்.

"அம்மா, பெரியப்பா போயிற்று."

"எங்க போயிற்று?"

"அய்யோ அம்மா, மரிச்சுப் போயிற்று. ரப்பர் வெட்டப் போனவரு மரத்துக்க மூட்டில இருந்தாராம். பின்ன எழும்பல்ல. அப்பாட்ட சொல்லாதீங்க, கேட்டீங்களா. டாக்டர்ட்ட கேட்டிற்று சொல்லுங்க."

பிரிஸில்லா சுவரில் சாய்ந்து நின்றாள். உள்ளே வார்டில் அவள் புருஷன் ராஜையன் தூங்கிக்கொண்டிருந்தார். விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வேலைக்கு வந்தவர்களுக்காகக் கட்டும் பிளாட்டில் குந்தியிருந்து டைல்ஸ் ஒட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. செத்துப்போன தங்கப்பன் அவருக்கு ஒரே அண்ணன். ஞாயிற்றுக்கிழமைதான் ஒரு சீப்பு மட்டிப்பழத்தைக் கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, தம்பியின் காலைத் தடவிக்கொண்டிருந்துவிட்டுப் போனார். பழம் அப்போது காயாக இருந்தது. "அந்திக்கு மூணு வீதம் பழுக்கும். நீ வீட்டுக்கு வரதுக்குள்ள சீப்பு தீந்துரும்" என்று சொல்லியிருந்தார். சீப்பில் இன்னும் மூன்று மிச்சம் இருந்தன.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டரை அவள் வார்டு வாசலுக்கு வெளியே மடக்கினாள். அவர் நின்று கேட்டார். கொஞ்சம் யோசித்தார். இன்றைக்கு வீட்டுக்கு அனுப்ப வேண்டியவர்தான், காரில் கொண்டுபோங்கள், ஊருக்குப் பக்கத்தில் போனதும் மாத்திரை கொடுத்துவிட்டு மெதுவாகச் சொல்லுங்கள், முகத்தைப் பார்க்கட்டும், பார்க்காமல் இருப்பதுதான் பிறகு அரிக்கும் என்றார். நல்ல மனிதர். "சிஸ்டரோடு ஞான் பறஞ்ஞோளாம்" என்று, நர்ஸிடம் தானே சொல்வதாக ஏற்றுக்கொண்டு ஆபரேஷன் தியேட்டருக்குப் போனார். சொல்லவில்லை. தியேட்டருக்குள் போகிற மனிதனுக்கு வெளியே சொன்னதெல்லாம் செருப்போடு கழன்றுவிடும்போல.

அடக்கம் மூன்று மணிக்கு என்று முதலில் வைத்தார்கள். ராஜையனுக்காக நாலரைக்குத் தள்ளினார்கள். மூன்று மணிக்குள் இங்கிருந்து இறங்கினால் சரியாகப் போய்ச் சேரலாம். திரவியம் தன் காரையே டிரைவரோடு அனுப்பித் தந்தார்.

ராஜையனிடம் அவள் வேறு கதை சொன்னாள்.

"திரவியம் அண்ணாச்சி காரு நாகர்கோவில் போகுதாம். நம்மள குழித்துறையில விட்டுருவாவளாம். நாலு நாளு உங்க அண்ணன் வீட்டில கெடந்தா என்ன?"

ராஜையனுக்கு முகம் மலர்ந்தது. "கொள்ளாமே. இங்க ஆரியசாலை ரூம்பில கெடந்தா மூட்டைக்க பொடிதான் மூக்கில கேறும். அண்ணன்ட்ட சொல்லிற்றியா? நல்ல நெத்திலி வாங்கி வைக்கச் சொல்லு."

"சொல்லியாச்சு" என்றாள்.

அப்போதுதான் நர்ஸ் ஷிஜா கோப்போடு வந்தாள். சின்னப் பெண். ஒரு வாரமாக ராஜையனை "அச்சா" என்று கூப்பிட்டு ஊசி போட்டவள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் பிரிஸில்லா, அந்தப் பக்கம் அவள், நடுவில் அவர்.

"அம்மே, நேரம் நோக்கணோ?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

பிரிஸில்லா நினைத்துக்கொண்டாள்: டாக்டர் சொல்லிவிட்டார். நோயாளிக்கு முன்னால் சாவைப் பற்றிப் பேசாமல், அவசரம் உண்டா என்று எவ்வளவு நயமாகக் கேட்கிறாள் இந்தப் பெண்.

"நோக்கணும் மக்களே. கண்டிப்பா நோக்கணும். மூணு மணிக்கு முன்ன எறங்கணும்."

ஷிஜா விரலை மடக்கிக் கிழமையை எண்ணிப் பார்த்தாள். "இன்னு சொவ்வாழ்ச்சயல்லே. மூணு மணி. மனசிலாயி அம்மே, மனசிலாயி." பையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்துக் கோப்பின் நெற்றியில் சொருகினாள். போகும்போது பிரிஸில்லாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

இவ்வளவு தெரிந்த பிள்ளை இருக்கும்போது இனிப் பயமில்லை என்று பிரிஸில்லா நினைத்தாள். மஞ்சள் அட்டை என்றால் அவசரம். ரோட்டு விளக்கில்கூட மஞ்சள் கண்டால்தானே வண்டிக்காரன் விரைவான்.

உச்சி ஆவதற்குள் அவர்களைக் கட்டிலிலிருந்து எழுப்பிவிட்டார்கள். அந்த ஆஸ்பத்திரியில் இப்போது அதுதான் வழக்கம். போகிறவர்கள் பன்னிரண்டுக்கு முன்னால் கட்டிலைக் காலி செய்ய வேண்டும். வார்டு வாசலில் ஒரு வெள்ளைப் பலகை. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு காந்தப் பொட்டு. ராஜையன் வீல்சேரில் ஏறியதும் ஷிஜா அவருடைய சிவப்புப் பொட்டை எடுத்துவிட்டுப் பச்சைப் பொட்டை ஒட்டினாள். பலகையின் கணக்குப்படி ராஜையன் வீட்டுக்குப் போய்விட்டார்.

உண்மையில் அவர் போனது கீழ்த்தளத்தில் 'சுபயாத்ரா லவுஞ்ச்' என்று எழுதிய அறைக்கு. வரிசையாக நாற்காலிகள், எல்லாம் ஒரே பக்கம் பார்த்து. புறப்படாத பஸ் ஒன்றில் உட்கார்ந்திருப்பது போல ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் எக்ஸ்ரே கவர், காலடியில் வாளி, தலையணை, பிளாஸ்க். பச்சைக் கட்டுப்போட்ட தலைகளும் பிளாஸ்டர் போட்ட கால்களும். கட்டிலில் படுத்திருந்தவரை நோயாளி என்று சொன்னவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் வேறு ஏதோ ஆக்கிவிட்டார்கள். அதற்கு முதல் அடையாளம் சாப்பாடு. வார்டில் பன்னிரண்டரைக்கு வரும் தட்டு இங்கே வரவில்லை.

"டிஸ்சார்ஜ் ஆயவர்க்கு டயட் இல்லா" என்றான் தட்டுவண்டி தள்ளி வந்தவன்.

"ஆனா எறங்கவும் விடல்லியே?" என்றாள் பிரிஸில்லா.

"அது எனிக்கு அறியில்லா சேச்சி."

நாக்கின் நுனிவரை வந்த சொல்லை அவள் கடித்து உள்ளே தள்ளினாள். கேன்டீனில் கஞ்சியும் பயறும் வாங்கிவந்தாள். கஞ்சியில் உப்பில்லை. ராஜையன் ஒரு வாய் வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். ஏதோ எதிர்பார்ப்பவர் போலப் பார்த்தார். அவள் குனிந்து பயறை அள்ளிக் கொடுத்தாள்.

அவர்களுக்கு எதிர்ச்சுவரில் ஒரு பெரிய படம் ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு நீண்ட கோடு, அதிலிருந்து சாய்ந்து சாய்ந்து கிளைக்கோடுகள், முனையில் ஒரு முக்கோணத் தலை. தலையில் 'டிஸ்சார்ஜ் தாமசம்' என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. ஒவ்வொரு கோட்டிலும் ஒரு காரணம். பில், மருந்து திருப்பித் தருவது, இன்ஷூரன்ஸ், டாக்டர் குறிப்பு.

"மீன்முள்ளு மாதிரி இருக்கே" என்றார் ராஜையன்.

"மீன்முள்ளுதான்" என்றார் பக்கத்தில் பிளாஸ்டர் கால்காரர். "தாமதம் எதினால வருதுன்னு கண்டுபிடிக்கிற படமாம். குவாலிட்டி ஆப்பீசர் வரச்சது."

"சாளையா, நெத்திலியா?"

"ஆப்பீசர் சைவம்னு கேள்வி."

"அதான் முள்ளு மட்டும் வரச்சிருக்கான். ஒரு கண்டம் மாம்சமில்ல."

ராஜையன் சிரித்தபோது கையிலிருந்த ஊசிக்குழாய் இழுபட்டு முகம் சுளித்தார். அந்தக் குழாயை இன்னும் எடுக்கவில்லை. பில் முடிந்து கேட் பாஸ் வந்த பிறகுதான் எடுப்பார்கள். அதுவரை அது பூட்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் வாசலைத் தாண்டிப் போய்விட முடியாது.

பில் கவுண்டர் லவுஞ்சின் ஓரத்திலேயே இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீது என்ற பெண். கண்ணாடியில் துளை கிடையாது. மைக்கும், கூரையில் ஒரு ஸ்பீக்கர் பெட்டியும் வைத்திருந்தார்கள். நாம் பேசுவது அவளுக்குப் பாதிதான் கேட்கும், அவள் பேசுவது லவுஞ்ச் முழுவதும் முழங்கும். பிரிஸில்லா ஒருமுறை போனாள். என்ன சொல்வது? அண்ணன் செத்துக் கிடக்கிறார் என்று சொன்னால் நீது "ஆரா மரிச்சது?" என்று மைக்கில் கேட்பாள். ஊருக்குப் போய்ச் சொல்ல வேண்டியதைக் கூரையிலிருந்த பெட்டி ராஜையனுக்குச் சொல்லிவிடும்.

"ராஜையன். மஞ்ச அட்டை" என்று மட்டும் சொன்னாள்.

"மஞ்ஞ கார்டல்லே? அறியாம் அம்மே. அது ஞங்ஙள் நோக்கிக்கோளாம்" என்றது கூரை.

அவர்களுக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும். பிரிஸில்லா திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

ஆனால் அவர்களுக்குப் பிறகு வந்தவர்கள் போனார்கள். பிரசவித்த பெண் போனாள். கண் ஆபரேஷன் செய்த இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு போனார்கள். பிளாஸ்டர் கால்காரரைக் கூப்பிட்டபோது அவர் ராஜையனைப் பார்த்துத் தலையாட்டினார், தன்னுடைய தவறு ஒன்றுமில்லை என்பதுபோல.

போன் அடித்தது. டிரைவர் வீரபாண்டி.

"யக்கா, எங்க இருக்கீக? செக்யூரிட்டிக்காரன் நாலு வாட்டி வெரட்டிட்டான். ரோட்டச் சுத்திச் சுத்தியே டீசலு காலி. சாமி ஊர்வலம் மாதிரி ஆஸ்பத்திரிய வலம் வந்துக்கிட்டு இருக்கேன்."

"இப்ப வந்துருவோம் தம்பி. நில்லு."

அடுத்தது அஜிதா. பிரிஸில்லா எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். வெளியே வானம் கருத்து, கொன்னைமரத்தின் இலைகள் வெளிறித் தெரிந்தன. ஐப்பசியின் துலாமழைக்கு மத்தியானம் கழிந்தால் பொறுமை இருக்காது.

"அம்மா, இறங்ஙியாச்சா?"

"இல்ல மக்களே. இப்ப."

"இவிட பெய்யத் தொடங்கியாச்சு. குழியில தண்ணி ஊறுது. ஊர்ப்பயலுவ வாளி வெச்சுக் கோருறாவ. பாஸ்டர் வாட்ச்சத்தான் பாக்குறாரு."

"அவியட்ட சொல்லு, கூடப்பிறந்த தம்பி வாறான்னு. முகத்த மூடாண்டாம்னு சொல்லு."

"ஞான் சொல்லிட்டே இருக்கேன். எல்லாரும் எங்கிட்டதான் கேக்கினும். அப்பா புறப்பட்டாச்சா, புறப்பட்டாச்சான்னு. ஞான் பாறசாலை வந்தாச்சுன்னு பொய் சொல்லி வெச்சிருக்கேன்."

திரும்பி வந்தபோது ராஜையன் ஒரு மட்டிப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். "ஆரு?"

"அஜிதா. மழையாம் அங்க."

"அண்ணன் ரப்பர் பால எடுத்திருப்பானா? மழைக்கு முன்ன பால் எடுக்கல்லன்னா சிரட்டையில தண்ணி விழுந்து நாசமாப் போவும்." பழத்தைப் பிட்டு அவளுக்குப் பாதி நீட்டினார். அவள் அதை வாங்கி வாயில் போட்டாள். கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தாள்.

மூன்று மணி வந்தது. போனது. யாரும் கூப்பிடவில்லை. மூன்றுக்குப் பிறகு கவுண்டர் பக்கம் ஆளே குறைந்துவிட்டது. நீது பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். அப்போது பிரிஸில்லாவுக்கு முதன்முறையாகப் பயம் கோபமாக மாறியது. வத்தல் கிள்ளிய விரலைத் தெரியாமல் கண்ணில் வைத்துவிட்டால், ஒன்றுமில்லை என்று இருக்கும்போதே ஒரு நொடியில் மண்டை முழுவதும் பற்றிக்கொள்ளுமே, அப்படி.

அவள் போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"என்னா பிள்ளே, எனக்க கோப்பு எங்க?"

நீது ஓரத்தில் கிடந்த கோப்பைத் தொட்டுக் காட்டினாள். மஞ்சள் அட்டை அதில் நிமிர்ந்து நின்றது. "எல்லாம் ரெடியாணு அம்மே. சாரின்டெ ஒப்பு மாத்ரம்."

"அத ஒப்பு வேண்டித் தந்தா என்ன?"

"இப்போ தந்நிட்டு எந்தினா? நிங்ஙள் இறங்ஙில்லல்லோ. நாலரை கழியட்டெ. ராகுகாலமல்லே?"

கூரைப்பெட்டி "ராகுகாலமல்லே" என்று லவுஞ்ச் முழுவதற்கும் சொன்னது.

"ஆருக்கு ராகுகாலம்?"

"நிங்ஙள் தன்னெயல்லே பறஞ்ஞது, நேரம் நோக்கணம், மூணினு முன்பு இறங்ஙணமென்னு? மூணினு முன்பு தீர்ந்நில்ல. அப்போ நாலரை கழிஞ்ஞு. அதினல்லே ஈ கார்டு."

பின்னாலிருந்து ராஜையனின் சிரிப்பு கேட்டது. "எட்டி பிரிஸில்லா! உனக்கு எப்பம்பிளே ராகுகாலம் தொடங்கிச்சு? பாஸ்டர் அறிஞ்சா சபையில இருந்து வெளிய நிறுத்திருவாரு!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. காலையில் ஷிஜா கேட்ட கேள்வி இப்போதுதான் அவள் காதில் முழுதாக விழுந்தது. நேரம் நோக்கணோ. நல்ல நேரம் பார்த்து இறங்குகிறவர்களா நீங்கள். தோளைத் தொட்டாளே அந்தப் பெண், அது எதற்கு? செவ்வாய்க்கிழமையில் வீட்டுக்குப் போகிறவர்களின் சங்கடத்துக்காக.

கவுண்டருக்குப் பக்கத்தில் 'குவாலிட்டி' என்று எழுதிய கதவு. அவள் தள்ளித் திறந்து உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டாள்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் சேஷன். நாற்பது வயதிருக்கும். நெற்றியில் சந்தனம். சுவரில் அதே மீன்முள், இன்னும் பெரிதாக. அவர் மலையாளத்தில் என்ன வேண்டும் என்று கேட்டார்.

"ஆருவே இந்த மஞ்ச அட்டையைக் கண்டுபிடிச்சது?"

அவர் உடனே தமிழுக்கு மாறினார். "உக்காருங்கோம்மா. நான்தான். என்ன ஆச்சு?"

"உமக்குத் தமிழ் தெரியுமா?"

"எங்காத்துல தமிழ்தான். வீடு ஸ்ரீவராகத்துல."

"அப்ப இன்னும் மோசம்."

அவருக்குப் புரியவில்லை. ஆனால் இந்த அட்டையைப் பற்றி விளக்கிச் சொல்லிப் பழகியவர். "அம்மா, கேளுங்கோ. செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு மேல பாதிப் பேர் எறங்கவே மாட்டேங்கறா. பில் போட்டு, ஊசி எடுத்து, எல்லாம் முடிச்சு வெச்சாலும் கட்டில்லயே உக்காந்துண்டிருப்பா. கீழ கேஷுவாலிட்டில ஸ்ட்ரெச்சர்ல ஆள் கெடக்கும். எங்கப்பாவே அப்படி ஒருநாள் எறங்க மாட்டேன்னு உக்காந்தார். அந்தக் கட்டிலுக்காக ஒரு பொண்கொழந்தை வராந்தாவுல கெடந்து வலிச்சு வலிச்சு அழுதது. அதைப் பாத்தப்பறந்தான் இதெல்லாம் ஆரம்பிச்சேன். நேரம் பாக்கறவாளை முன்னாடியே கேட்டுத் தெரிஞ்சுண்டுட்டா, மூணுக்குள்ள முடியாதுன்னு தோணினா அவா ஃபைலை முன்னாடியே ஒதுக்கி வெச்சுட்டு மத்தவாளை அனுப்பலாம். ரெண்டு பேருக்கும் சௌகரியம். எத்தனையோ பேர் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிருக்கா."

"எனக்க பேரு என்ன?"

"சொல்லுங்கோ."

"பிரிஸில்லா. சி.எஸ்.ஐ. சபை. பிரிஸில்லான்னு பேரு வெச்சவளுக்கு எந்த ராகு, எந்தக் கேது?"

சேஷன் நாற்காலியில் நிமிர்ந்தார். "ஃபைல்ல ராஜையன்னுதான் இருக்கு. பாஷை தமிழ்னு இருக்கு..."

"தமிழ்னு கண்டா போதும். மஞ்ச அட்டை. ராஜையன்னு கண்டா போதும். எதுக்கு நேரம் பாக்கணும்னு ஒரு வார்த்த கேக்காண்டாமா? அந்தப் பிள்ள நேரம் நோக்கணோன்னு கேட்டுது. அவசரம் உண்டான்னு கேக்குதுன்னு நெனச்சேன். விசயம் அறிஞ்சு, அவருக்கு முன்னால மறச்சுக் கேக்குதுன்னு நெனச்சு எனக்குக் கண்ணு நெறஞ்சுது. அவருக்க அண்ணன் அங்க செத்துக் கெடக்குது சாரே. கூடப்பிறந்த ஒரே அண்ணன். நாலரைக்கு அடக்கம். மழை பெய்யுது. குழியில ஊறுன தண்ணிய கோரிக்கோரி ஊத்திக் காத்து நிக்கினும், தம்பி வந்து முகம் பாக்கட்டுன்னு. இங்க நீரு ஒரு ஒப்புப் போடாம எங்களுக்கு நல்லநேரம் பாத்துத் தாறீரு!"

"இதை யார்ட்டயாவது சொல்லியிருந்தா..."

"டாக்டர்ட்ட சொன்னேன். அவரு சொல்லியேன்னாரு. அந்தப் பெண்ணுட்ட கண்ணால சொன்னேன். உங்க மைக்கில நான் சாவு சொல்லணுமா? நெஞ்சில கம்பி வெச்சிருக்கிய மனுசன் அங்க இருக்காரு!" அவள் சுவரைப் பார்த்தாள். "இத்தன முள்ளு வரச்சீரே. இதில எங்க இருக்கு நீரு? உமக்க முள்ளு எது?"

சேஷன் எழுந்து ஓடினார். அதை ஓட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். கோப்பில் கையொப்பம் விழுந்தது. மருந்துப் பொதி வந்தது. ஒரு நர்ஸ் வந்து ராஜையனின் கையிலிருந்து குழாயை உருவிப் பஞ்சை வைத்து ஒட்டினாள். கேட் பாஸில் சீல். ஒரு சாயா ஆறுகிற நேரத்தில் எல்லாம் முடிந்தது. அந்த வேகம்தான் பிரிஸில்லாவை அதிகம் எரித்தது. இவ்வளவுதானா? இவ்வளவுதான் இருந்ததா இதற்கு?

போன் அடித்தபோது அவள் கவுண்டர் பக்கத்திலேயே நின்றாள். தார்ப்பாயில் மழை விழும் சத்தம்தான் முதலில் கேட்டது.

"அம்மா." அஜிதா அழுது முடித்த குரலில் பேசினாள். "வெச்சாச்சு அம்மா. குழிக்க கர இடிஞ்சு விழத் தொடங்கிச்சு. இனியும் நின்னா பெட்டி எறக்க ஒக்காதுன்னு பாஸ்டர் சொல்லிற்று. ஞான் பிடிச்சு நிறுத்திப் பாத்தேன்..."

"மூடும்ப முகம் எப்பிடி இருந்துது?"

"ஒறங்குற மாதிரிதான். அம்மா, அப்பாட்ட என்ன சொல்லுவீங்க?"

சேஷன் தானே வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்தார். பிரிஸில்லா அவரோடு நடந்தாள். லவுஞ்சில் மிச்சமிருந்தது நான்கைந்து பேர். ராஜையன் ஒட்டுப்போட்ட கையில் கடைசி மட்டிப்பழத்தைப் பிடித்துக்கொண்டு அவர்கள் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது சிரிக்கவில்லை.

"எட்டி, இங்க இரி" என்றார்.

அவள் உட்கார்ந்தாள்.

"நான் காலத்தே இருந்து பாக்கியேன். அவியளுக்க கஞ்சியில உப்பில்ல. நீ சவம்னு சொல்லல்ல. நம்மளுக்குப் பெறவு வந்தவன் எல்லாம் போறான். அதுக்கும் சொல்லல்ல. அந்தப் பெண்ணு மைக்கில உனக்கு ராகுகாலம்னு விளிச்சுக் கூவுது. நீ சவம்னு சொல்லல்ல. கெட்டின நாளில இருந்து இப்பிடி ஒரு நாளு நான் கண்டதில்ல." அவர் குரல் தணிந்தது. "ஆரு போச்சு?"

அவள் மாத்திரையைப் பிரித்து அவர் கையில் வைத்தாள்.

"அண்ணனா?"

தலையாட்டினாள்.

"அடக்கியாச்சா?"

அதற்கும் தலையாட்டினாள்.

ராஜையன் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார். பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் காம்பு கருத்திருந்தது. உரிக்கவில்லை. சட்டைப்பைக்குள் வைத்தார். வெளியே மழை கண்ணாடியில் சரிந்து இறங்கிக்கொண்டிருந்தது. சேஷன் வீல்சேரின் கைப்பிடியை விடாமல் நின்றார்.

"ராஜையன் சார்" என்றார் கடைசியில். "என்ன சொல்றதுன்னே தெரியலை. கார் வாசல்ல ரெடியா இருக்கு. வாங்கோ. இப்பப் போனா வீட்டுலயாவது எல்லாரையும் பாக்கலாம்."

"மணி எத்தன சாரே?"

"நாலே கால் தாண்டிடுத்து."

"ராகுகாலம் எப்பத் தீரும்?"

சேஷன் குனிந்து வீல்சேரின் பிரேக்கைத் தட்டினார்.

"சொல்லும். நீருதானே கணக்கு வெச்சிருக்கீரு."

"நாலரைக்கு."

"அப்ப நான் இருக்கேன். நேரம் பாத்துத்தான் எறங்குவேன்."

நாலரை ஆனது. ராஜையன் எழவில்லை. இது கழிந்தால் அடுத்து என்ன, குளிகனா எமகண்டமா, நாளைக்கு நாள் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஏளனமாகக் கேட்கவில்லை. டைல்ஸ் மட்டம் பார்ப்பவர் கேட்பதுபோல நிதானமாகக் கேட்டார். சேஷனுக்கு அதெல்லாம் தெரிந்திருந்தது. டியூட்டி முடிந்து வந்த ஷிஜா விஷயத்தைக் கேட்டு, வாசலிலேயே வாயைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டாள். பிரிஸில்லா அவளைப் பார்த்தாள். திட்டத் தோன்றவில்லை. வா என்று கூப்பிடவும் தோன்றவில்லை.

வெளியே வீரபாண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். கூட்டுகிறவள் வந்து அவர்கள் காலடி தவிர மற்ற இடமெல்லாம் துடைத்துவிட்டுப் போனாள். மற்ற நாற்காலிகள் காலியாகின. பாதி விளக்கை அணைத்தார்கள். நீது கண்ணாடிக்குப் பின்னால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போவதா இருப்பதா என்று தெரியாமல் சேஷனைப் பார்த்தாள்.

சேஷன் குனிந்து, மெல்ல, பிரிஸில்லாவிடம் சொன்னார். "அம்மா, நீங்களாவது சொல்லுங்கோ. அஞ்சு மணிக்கு லவுஞ்சை மூடியாகணும். ஒருத்தர் இருந்தாக்கூட இன்னிக்குக் கணக்கு க்ளோஸ் ஆகாது. கம்ப்யூட்டர்ல அப்படியே தொறந்து கெடக்கும்."

பிரிஸில்லா புருஷனின் ஒட்டுப்போட்ட கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"சவம்" என்றாள். "தொறந்து கெடக்கட்டு."